கவிழ்த்து வைத்த 80 வெள்ளிக் கோப்பைகள்: டூலிட்டில் விமானிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏப்ரல் 18 வந்தால் இந்தக் கதையை யாருக்காவது சொல்லாமல் எனக்கு அந்த நாள் போகாது. வீட்டில் சொல்லியிருக்கிறேன், வேலை செய்யும் இடத்தில் சொல்லியிருக்கிறேன், ரயிலில் எதிர் இருக்கையில் இருந்தவரிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் திருப்பிக் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். அவற்றையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். சில பதில்கள் நீளமாகப் போகும். அந்த ஆட்களைப் பற்றிப் பேச்செடுத்தால் சுருக்க எனக்கு மனம் வராது.

டூலிட்டில் தாக்குதல் என்பது என்ன?

இரண்டாம் உலகப் போரில், 1942 ஏப்ரல் 18 அன்று, அமெரிக்க ராணுவத்தின் 16 குண்டுவீச்சு விமானங்கள் ஹார்னெட் என்ற விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து கிளம்பி ஜப்பானைத் தாக்கின. விமானத்துக்கு 5 பேர், மொத்தம் 80 பேர். தலைமை தாங்கியவர் ஜேம்ஸ் டூலிட்டில். டோக்கியோ, யோகோஹாமா, யோகோசுகா, நகோயா, கோபே என்று பல ஊர்களில் குண்டு போட்டுவிட்டு மேற்கே சீனாவுக்குப் பறந்துபோய் இறங்குவது திட்டம். கப்பலுக்குத் திரும்ப வழி கிடையாது. அந்த விமானங்களால் கப்பலிலிருந்து எழும்ப முடியும், ஆனால் அதில் திரும்ப வந்து இறங்க முடியாது.

எதற்காக இப்படியொரு காரியத்தில் இறங்கினார்கள்?

1941 டிசம்பரில் ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கியது. அதன்பின் ஹாங்காங், மலாயா, சிங்கப்பூர் என்று வரிசையாக விழுந்தன. அமெரிக்க மக்கள் மனம் ஒடிந்து கிடந்தார்கள். ஜப்பானுக்குத் திருப்பி ஓர் அடியாவது கொடுக்க வேண்டும் என்று அதிபர் ரூஸ்வெல்ட் தன் தளபதிகளை நச்சரித்துக்கொண்டே இருந்தார். சாதாரணக் கடற்படை விமானங்களால் அதிக தூரம் பறக்க முடியாது. தூரம் பறக்கக்கூடிய ராணுவ விமானங்களுக்குப் பக்கத்தில் தளம் இல்லை. இந்த முடிச்சை அவிழ்த்தவர் பிரான்சிஸ் லோ என்ற நீர்மூழ்கிக் கப்பல் அதிகாரி. 1942 ஜனவரியில் நார்ஃபோக் விமான தளத்துக்குப் போனபோது, பயிற்சிக்காக ஓடுபாதையில் கப்பல் மேல்தளத்தின் அளவை வரைந்து வைத்திருந்ததைப் பார்த்தார். ராணுவ விமானத்தையே அந்தக் கோட்டுக்குள் ஓட்டி எழுப்பினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. ஆரம்பம் அதுதான்.

அமெரிக்காவும் ஜப்பானும் போட்ட சண்டை. நமக்கென்ன சம்பந்தம்?

இருக்கிறது. அந்த மாதத்தின் நாட்காட்டியைப் பாருங்கள். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. அன்று காலை ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. 9ஆம் தேதி திருகோணமலை. அதே நாளில் மட்டக்களப்புக் கடலில் ஹெர்ம்ஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்தார்கள். அடுத்தது மதராஸ்தான் என்று பேச்சு பரவ, சனங்கள் மூட்டை முடிச்சோடு சொந்த ஊர்களுக்குக் கிளம்பினார்கள். குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஆபத்து என்று மிருகக்காட்சிச் சாலையின் கொடிய விலங்குகளைச் சுட்டே கொன்றார்கள். "ஜப்பான்காரன் குண்டு போட வரான்னு பட்டணத்தையே காலி பண்ணினோம்" என்று பெரியவர்கள் சொல்வது இந்த நாட்களைத்தான்.

கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கிய அந்தக் கப்பல் படை ஜப்பானுக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோதுதான் சொந்தத் தலைநகரிலேயே குண்டு விழுந்த செய்தி அதற்கு எட்டியது. அமெரிக்கக் கப்பல்களை விரட்டிப் பிடிக்க உத்தரவு வந்தது, ஆனால் எட்ட முடியவில்லை. திருகோணமலைக்கும் டோக்கியோவுக்கும் நடுவில் ஒன்பதே நாள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு இந்தக் கதையை அந்நியக் கதையாக என்னால் பார்க்க முடியவில்லை.

அவ்வளவு பெரிய விமானத்தைக் கப்பலிலிருந்து எப்படி எழுப்பினார்கள்?

பி-25 இரட்டை எஞ்சின் விமானம். வழக்கமாக எழும்ப ஆயிரம் அடிக்கு மேல் ஓடுபாதை வேண்டும். வரிசையில் முதலில் நின்ற டூலிட்டிலின் விமானத்துக்குக் கப்பலில் கிடைத்தது 467 அடி. கிட்டத்தட்ட 140 மீட்டர்.

ஃபுளோரிடாவில் எக்லின் தளத்தில் சில வாரம் பயிற்சி நடந்தது. ஹென்றி மில்லர் என்ற கடற்படை விமானி, குறைந்த ஓட்டத்தில் எழும்பும் வித்தையைச் சொல்லிக்கொடுத்தார். விமானத்தின் எடையைக் குறைக்கக் கீழ்ப்புறத் துப்பாக்கிக் கூண்டைக் கழற்றினார்கள். கிடைத்த இடத்திலெல்லாம் எரிபொருள் தொட்டி வைத்தார்கள். போதாதற்கு ஐந்து காலன் டின்கள் பத்து. பறந்துகொண்டிருக்கும்போதே துப்பாக்கிக்காரர் டின் டின்னாகத் தொட்டியில் ஊற்ற வேண்டும். காலி டின்களை ஒவ்வொன்றாக வீசக் கூடாது, கடலில் மிதந்து வந்த வழியைக் காட்டிக்கொடுத்துவிடும். ஓட்டை போட்டு மொத்தமாகத்தான் வீச வேண்டும். வாலில் துப்பாக்கி இல்லை என்பது எதிரிக்குத் தெரியாமலிருக்க, துடைப்பக் கட்டைக்குக் கறுப்பு வர்ணம் பூசிச் செருகினார்கள். குண்டைக் குறிபார்க்கும் ரகசியக் கருவி எதிரி கையில் சிக்கிவிடக் கூடாது என்று அதையும் கழற்றிவிட்டு, ராஸ் கிரீனிங் என்ற விமானி உலோகத் தகட்டில் செய்த எளிய குறிகாட்டியை மாட்டினார்கள். அதன் செலவு 20 சென்ட். தாழப் பறந்து குண்டு போட அதுவே போதும் என்றார் அவர். போதுமாகத்தான் இருந்தது.

கப்பல் தளத்தில் இரண்டு வெள்ளைக் கோடுகள். ஒன்று முன்சக்கரத்துக்கு, மற்றொன்று இடச் சக்கரத்துக்கு. கோட்டிலேயே ஓட்டினால் வலது இறக்கை கப்பலின் கட்டுமானத்தில் இடிக்காமல் ஆறடி இடைவெளியில் தப்பும். அன்று கடல் கொந்தளிப்பு. கப்பலின் முனை அலையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. முனை கீழே இறங்கும்போது கொடி காட்டுவார்கள். விமானம் ஓடி விளிம்புக்கு வரும் நேரம் முனை மேலே எழும்பி அதை வானத்துக்குத் தூக்கிவிடும். டெட் லாசன் ஓட்டிய விமானம் மட்டும் இறக்கை மடிப்புகள் விரியாமலே ஓடி, விளிம்பைத் தாண்டியதும் தளத்துக்குக் கீழே சரிந்து, அப்புறம் மேலே வந்தது. 8.20க்கு முதல் விமானம். 9.19க்குள் பதினாறும் வானத்தில்.

போனவர்களைக் கட்டாயப்படுத்தித்தானே அனுப்பியிருப்பார்கள்?

இல்லை. "ஆபத்தான வேலை, எங்கே என்று சொல்ல மாட்டோம், விருப்பமுள்ளவர்கள் வரலாம்." அழைப்பு இவ்வளவுதான். 17ஆம் குண்டுவீச்சுப் பிரிவிலிருந்து தேவைக்கு மேலேயே பெயர் கொடுத்தார்கள். பயிற்சியின்போதும் கப்பலிலும் விலக விரும்புபவர்கள் விலகலாம் என்று டூலிட்டில் திரும்பத் திரும்பச் சொன்னார். யாரும் விலகவில்லை. கூடுதலாகக் கூட்டிவந்திருந்த ஆட்களில் சிலர், புறப்படும் காலையில், 150 டாலர் தருகிறேன் உன் இடத்தைக் கொடு என்று கேட்டுப் பார்த்தார்கள். யாரும் கொடுக்கவில்லை.

பெரும்பாலோர் இருபதுகளில் இருந்த பையன்கள். டூலிட்டிலுக்கு வயது 45. அவர் விமானவியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். வெளியே எதையும் பார்க்காமல் கருவிகளை மட்டும் நம்பி விமானத்தை ஏற்றி இறக்க முடியும் என்று 1929இலேயே செய்து காட்டியவர். திட்டம் போட்டுக் கொடுத்துவிட்டு அலுவலகத்தில் இருந்திருக்கலாம். முதல் விமானத்தில் தானே ஏறினார். தளத்தில் எல்லோரையும்விடக் குறைந்த தூரம் அந்த விமானத்துக்குத்தான்.

எல்லாம் திட்டப்படி நடந்ததா?

நடக்கவில்லை. ஜப்பானுக்கு இன்னும் நெருங்கிப் போய், இரவில் குண்டு போடும்படி கிளம்புவதாக இருந்தது. 18ஆம் தேதி காலை நிட்டோ மாரு என்ற சிறிய ஜப்பானியக் காவல் படகு இவர்களைப் பார்த்துவிட்டது. கரைக்குச் செய்தியும் அனுப்பிவிட்டது. அப்போது ஜப்பான் இன்னும் 650 கடல் மைல் தொலைவில், அதாவது 1,200 கிலோமீட்டர். காத்திருந்தால் கப்பல்களுக்கே ஆபத்து. உடனே கிளம்புங்கள் என்று முடிவானது. திட்டமிட்டதைவிடப் பத்து மணி நேரம் முன்னால், 170 கடல் மைல் அதிக தூரத்திலிருந்து.

சீனா வரை போக எரிபொருள் பத்தாது என்பதை அந்த 80 பேரும் கணக்குப் போட்டுப் புரிந்துகொண்டார்கள். புரிந்துகொண்டுதான் ஏறினார்கள். என்னைக் கேட்டால், இந்தக் கதையில் வீரம் என்ற சொல்லுக்குரிய இடம் அந்தக் கணம்தான். டோக்கியோ வானம் அதற்கு அப்புறம்தான்.

அன்று காலை டோக்கியோவில் வான் தாக்குதல் ஒத்திகை ஒன்று நடந்திருந்தது. நண்பகலில் தாழப் பறந்து வந்த விமானங்களைப் பார்த்த பலர் அதன் தொடர்ச்சி என்றே நினைத்தார்கள். ஒரு விமானம்கூடச் சுட்டு வீழ்த்தப்படவில்லை.

சேதம் எவ்வளவு?

ராணுவக் கணக்கில் சிறிதுதான். விமானத்துக்கு நான்கு குண்டுகள் மட்டுமே. சில தொழிற்சாலைகள், எண்ணெய்க் கிடங்குகள், யோகோசுகா துறையில் விமானந்தாங்கியாக மாற்றப்பட்டுக்கொண்டிருந்த ரியூஹோ என்ற கப்பல் அடிவாங்கின. சுமார் 50 பேர் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானவர்கள் காயப்பட்டார்கள். இறந்தவர்களில் பொதுமக்களும் உண்டு. பள்ளி மாணவன் ஒருவனும் உண்டு.

விளைவு பெரிது. எந்தத் தளத்திலிருந்து விமானங்கள் வந்தன என்று நிருபர்கள் கேட்டபோது ரூஸ்வெல்ட் ஒரு நாவலில் வரும் கற்பனை ஊரான ஷாங்ரி-லாவின் பெயரைச் சொன்னார். பேரரசர் குடியிருக்கும் நகருக்கு மேலேயே எதிரி பறந்துவிட்டான் என்ற அவமானம் ஜப்பானியத் தளபதிகளை உறுத்தியது. பசிபிக் கடலில் அமெரிக்கர் வசமிருந்த மிட்வே தீவைப் பிடிக்கும் ஜப்பானியக் கடற்படைத் தளபதி யமமோட்டோவின் திட்டத்துக்கு இருந்த எதிர்ப்பு அதோடு அடங்கியது. ஜூன் மாதம் மிட்வேயில் ஜப்பான் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களை இழந்தது.

80 பேரில் எத்தனை பேர் உயிரோடு திரும்பினார்கள்?

73 பேர். அது எப்படி என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

பின்னாலிருந்து காற்று தள்ளிவிட்டதால் 15 விமானங்கள் சீனக் கடற்கரையை எட்டிவிட்டன. ஆனால் இருட்டு, மழை, கீழே மலை. இறங்க வழிகாட்டும் வானொலி சமிக்ஞை எதுவும் வரவில்லை. எரிபொருள் தீரத் தீரச் சில விமானங்கள் கரையோரத் தண்ணீரில் மோதின. மற்றவற்றிலிருந்து ஒவ்வொருவராக இருட்டுக்குள் குதித்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் பாராசூட் குதிப்பு. டூலிட்டிலின் துணை விமானி ரிச்சர்ட் கோல், கயிற்றை இழுத்த வேகத்தில் தன் கையாலேயே தன் கண்ணில் குத்திக்கொண்டார். ஒரு பைன் மரத்தில் சிக்கி, பாராசூட் துணியைத் தொட்டில்போல் கட்டி விடியும்வரை அதிலேயே கிடந்தார். டூலிட்டில் விழுந்தது எரு போட்ட நெல் வயலில்.

குதித்தபோதும் மோதியபோதும் மூன்று பேர் இறந்தார்கள்: லேலண்ட் ஃபாக்டர், வில்லியம் டீட்டர், டொனால்ட் ஃபிட்ஸ்மாரிஸ்.

லாசனின் விமானம் கடலோரத்தில் மோதி உடைந்தது. ஐந்தில் நான்கு பேருக்கு மோசமான காயம். நடக்க முடிந்தவர் டேவிட் தாட்சர் ஒருவர்தான். 20 வயது. இரவெல்லாம் மற்ற நான்கு பேரின் காயத்தைக் கட்டி, கிராமத்து ஆட்களைக் கூட்டி, தூக்கிச் சுமக்க ஏற்பாடு செய்தார். லின்ஹாய் ஊரில் சென் ஷென்யான் என்ற சீன டாக்டர் அவர்களைத் தன் மருத்துவமனையில் வைத்துப் பார்த்துக்கொண்டார். 15ஆம் விமானத்தில் தாமஸ் ஒயிட் என்ற ராணுவ டாக்டர் துப்பாக்கிக்காரராகப் பயிற்சி எடுத்து இடம் பிடித்திருந்தார். தண்ணீரில் மூழ்கும் விமானத்திலிருந்து அவர் உயிரைப் பணயம் வைத்து மீட்டது தன் அறுவைக் கருவிகளை. அவர் வந்து சேர்ந்து, லாசனின் அழுகிய காலை வெட்டி எடுத்தார். ரத்தம் தேவைப்பட்டபோது தன் ரத்தத்தையே கொடுத்தார்.

டூலிட்டில் தோல்வி என்றே நினைத்தாராமே?

ஆமாம். மறுநாள் தன் விமானத்தின் சிதறல்களைப் பார்க்கப் போனார். கூடப் போனவர் மெக்கானிக் பால் லெனார்ட். பதினாறு விமானங்களும் போயிற்று, பையன்கள் என்ன ஆனார்களோ தெரியாது, ஊருக்குப் போனால் ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்துவார்கள் என்று டூலிட்டில் உடைந்துபோய் உட்கார்ந்திருந்தார். லெனார்ட்தான் அவரைத் தேற்றினார். உங்களை ஜெனரல் ஆக்குவார்கள், மெடல் ஆஃப் ஆனர் கொடுப்பார்கள் என்றார். நீங்கள் எந்த விமானத்தில் போனாலும் நானே உங்கள் மெக்கானிக்காக வர வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். லெனார்ட் சொன்னது அத்தனையும் நடந்தது. நாட்டின் மிக உயர்ந்த அந்த வீரப் பதக்கத்தை ரூஸ்வெல்டே டூலிட்டிலுக்கு அணிவித்தார்.

பிடிபட்டவர்களுக்கு என்ன நடந்தது?

எட்டுப் பேர் ஜப்பானியர் கையில் சிக்கினார்கள். சித்திரவதை, பேருக்கு ஒரு விசாரணை. 1942 அக்டோபர் 15 அன்று டீன் ஹால்மார்க், வில்லியம் ஃபாரோ, ஹரோல்ட் ஸ்பாட்ஸ் மூவரையும் ஷாங்காய்க்கு வெளியே ஓர் இடுகாட்டில் சுட்டுக் கொன்றார்கள். முந்தின நாள் வீட்டுக்குக் கடிதம் எழுத அனுமதித்தார்கள். எழுதினார்கள். அவை அனுப்பப்படவே இல்லை. போர் முடிந்தபின் கோப்புகளில் கிடைத்தன. பிள்ளை இறந்தது தெரிந்து, அப்புறம் அவன் கையெழுத்து வீட்டுக்கு வருவது எப்படியிருந்திருக்கும்? இந்த இடத்துக்கு வரும்போது எனக்குக் குரல் கம்மிவிடும்.

மற்ற ஐந்து பேர் தனிமைச் சிறையில். ராபர்ட் மெடர் 1943 டிசம்பரில் பட்டினியும் நோயுமாக இறந்தார். மிஞ்சிய நான்கு பேர், சேஸ் நீல்சன், ராபர்ட் ஹைட், ஜேக்கப் டெஷேசர், ஜார்ஜ் பார், 1945 ஆகஸ்டில் விடுதலையானார்கள். மொத்தம் 40 மாதச் சிறை. அதில் 34 மாதம் தனியறை.

ஒரு விமானம் ரஷ்யாவில் இறங்கியதா?

எட்வர்ட் யார்க்கின் விமானம் எரிபொருளை அளவுக்கு மேல் குடித்துவிட்டது. சீனாவுக்குப் போனால் கடலில்தான் விழ வேண்டும் என்று விளாடிவோஸ்டாக் பக்கம் திருப்பினார்கள். சோவியத் யூனியன் அப்போது ஜப்பானோடு போரில் இல்லை, அதனால் ஐவரையும் பிடித்து வைத்துக்கொண்டது. 1943 மே மாதம் ஈரான் எல்லை வழியாக வெளியே வந்து சேர்ந்தார்கள்.

சீன மக்களுக்கு என்ன ஆனது?

இந்தக் கேள்வியை யாரும் கேட்காவிட்டால் நானே எடுத்துச் சொல்லிவிடுவேன்.

செஜியாங், ஜியாங்சி மாகாணங்களின் விவசாயிகளும் மீனவர்களும்தான் இந்தப் பையன்களை ஒளித்து வைத்தார்கள், சோறு போட்டார்கள், பல்லக்கிலும் படகிலும் வைத்து மலை கடத்தினார்கள். அதற்குப் பழிவாங்கவும், விமான தளங்களை அழிக்கவும் ஜப்பானிய ராணுவம் மே முதல் செப்டம்பர் வரை அந்தப் பகுதிக்குள் புகுந்தது. ஊர்களைக் கொளுத்தினார்கள். கிணறுகளிலும் வயல்களிலும் நோய்க் கிருமிகளைப் பரப்பினார்கள். உதவிய நன்றிக்காக விமானிகள் கொடுத்துவிட்டுப் போயிருந்த கையுறை, நாணயம், பாராசூட் துணி எவர் வீட்டில் கிடைத்தாலும் அந்த வீட்டுக்கு மரணம்தான். ஹரோல்ட் வாட்சன் என்ற காயம்பட்ட விமானியை வீட்டில் தங்கவைத்த ஒருவரைக் கம்பளியில் சுற்றி, மண்ணெண்ணெய் ஊற்றி, அவர் மனைவியின் கையாலேயே தீ வைக்கச் செய்தார்கள் என்று அங்கிருந்த ஒரு பாதிரியார் பதிவு செய்திருக்கிறார். அந்தப் படையெடுப்பில் இறந்த சீனர்கள் 2,50,000 பேர் இருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

அந்த மக்களுக்கு எதுவும் முன்கூட்டிச் சொல்லப்படவில்லை. விருப்பமுண்டா என்று கேட்கப்படவில்லை. வீட்டு வாசலில் நனைந்து நின்ற ஒரு பிள்ளையை உள்ளே கூப்பிட்டார்கள், அவ்வளவுதான். 80 பேரை நினைக்கும் நாளில் இவர்களையும் சேர்த்து நினைக்காவிட்டால் அந்த நினைவு பாதிதான் என்பது என் உறுதியான எண்ணம்.

வெள்ளிக் கோப்பைகள் கதை என்ன?

போருக்குப் பின் டூலிட்டிலின் பிறந்தநாளுக்கு மியாமியில் ஒரு விருந்து நடந்தது. அப்புறம் ஆண்டுதோறும் ஏப்ரலில் ஏதாவது ஒரு நகரத்தில் கூடுவது வழக்கமானது. 1959இல் அரிசோனா மாநிலத்தின் டூசான் நகரம் அவர்களுக்கு 80 வெள்ளிக் கோப்பைகளைப் பரிசளித்தது. ஆளுக்கொன்று. ஒவ்வொரு கோப்பையிலும் அந்த ஆளின் பெயர் இரண்டு முறை பொறிக்கப்பட்டிருக்கும், ஒன்று நேராக, மற்றொன்று தலைகீழாக.

காரணம் இதுதான். ஒவ்வொரு சந்திப்பிலும் கதவைச் சாத்திக்கொண்டு, உயிரோடிருப்பவர்கள் மட்டும் கூடுவார்கள். பெயர்களை வாசிப்பார்கள். கடந்த ஆண்டில் இறந்தவர்களின் கோப்பைகளைக் கவிழ்த்து வைப்பார்கள். கவிழ்த்த பிறகும் பெயரை நேராகப் படிக்க முடிய வேண்டும். அதற்காகத்தான் அந்தத் தலைகீழ் எழுத்து. நிமிர்ந்திருந்தாலும் கவிழ்ந்திருந்தாலும் எங்கள் ஆள்தான் என்று அந்தக் கோப்பை சொல்வதாகவே எனக்குத் தோன்றும். யார் மனதில் முதலில் உதித்த யோசனையோ, அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருக்கும்.

கோப்பைகளைப் பத்திரமாக ஊர் ஊராகக் கொண்டுபோக ஒரு பெட்டி வேண்டியிருந்தது. அதைத் தன் கையால் செய்தவர் ரிச்சர்ட் கோல், பைன் மரத்தில் தூங்கிய அதே ஆள்.

கோப்பைகளோடு ஒரு பாட்டில் ஹென்னஸி பிராந்தியும் இருந்தது. 1896இல் தயாரானது, அதாவது டூலிட்டில் பிறந்த ஆண்டு. கடைசியில் மிஞ்சும் இருவர் அதைத் திறந்து மற்ற 78 பேரை நினைத்துக் குடிப்பார்கள் என்பது ஏற்பாடு. 2013இல் நான்கு பேர்தான் இருந்தார்கள், எல்லோரும் தொண்ணூறைத் தாண்டியவர்கள். இனியும் காத்திருக்க வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். அந்த நவம்பர் 9 அன்று ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன் நகரில் கோல், எட்வர்ட் சேலர், தாட்சர் மூவரும் கூடினார்கள். ராபர்ட் ஹைட் உடல்நிலை காரணமாக வரவில்லை. 80 பெயர்களும் வாசிக்கப்பட்டன. மூன்று பெயர்களுக்கு மட்டும் "இருக்கிறேன்" என்று பதில் வந்தது. கோல் பாட்டிலைத் திறந்தார். அந்தப் பயணத்தில் இழந்தவர்களுக்காக, அதற்குப் பிறகு போனவர்களுக்காக என்று சொல்லிக் குடித்தார்கள்.

கடைசியாக இருந்தவர் யார்?

கோல்தான். சேலரும் ஹைட்டும் 2015இல் போனார்கள், தாட்சர் 2016இல். கோல் 2019 ஏப்ரல் 9 அன்று 103 வயதில் காலமானார். அந்தத் தாக்குதலுக்குப் பின் அவர் நம் பக்கம் வந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. அசாமிலிருந்து இமயத்தைத் தாண்டிச் சீனாவுக்குச் சரக்கு ஏற்றிச் சென்ற விமானங்களை ஓட்டினார். பிறகு பர்மா போர்முனையிலும் பறந்தார்.

குண்டு போட்டவர்களைக் கொண்டாடுவது சரியா?

நியாயமான கேள்வி. கொழும்பில் குண்டு விழுந்தபோது செத்தவர்களை நினைத்து வருந்தும் நாம், டோக்கியோவில் செத்தவர்களை எண்ணிக்கையாகக் கடந்துவிட முடியாது. அந்தப் பள்ளி மாணவனுக்கும் ஒரு தாய் இருந்தாள். நான் குண்டு விழுந்ததைக் கொண்டாடவில்லை. திரும்பி வர வழியில்லை என்று தெரிந்து ஏறியவர்களை, சக ஆளுக்காக ரத்தம் கொடுத்தவரை, இறந்த நண்பனின் பெயரை ஐம்பது அறுபது வருடம் விடாமல் வாசித்தவர்களை நினைக்கிறேன். இரண்டையும் ஒரே மனதில் வைத்துக்கொள்வது சிரமம். சிரமமாகவே இருக்கட்டும்.

டெஷேசர் மறுபடி ஜப்பானுக்குப் போனாரா?

போனார். சிறையில் மூன்று வாரத்துக்குக் கையில் கிடைத்த ஒரு பைபிள் அவரை மாற்றியது. 1948இல் மத ஊழியராக ஜப்பானுக்கே திரும்பினார். தான் குண்டு போட்ட நகோயாவிலும் ஒரு சபையை நிறுவினார். தன் சிறை அனுபவத்தை அவர் எழுதிய ஒரு சிறு பிரசுரம் டோக்கியோவின் ஷிபுயா ரயில் நிலையத்தில் ஒருவர் கைக்குப் போனது. அந்த ஒருவர் மிட்சுவோ ஃபுச்சிடா. பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு வானில் தலைமை தாங்கியவர். கொழும்புக்கு மேலும் திருகோணமலைக்கு மேலும் விமானங்களை நடத்தி வந்தவரும் அவர்தான். ஃபுச்சிடா டெஷேசரைத் தேடிப் போனார். பின்னாளில் இருவரும் ஒரே மேடையில் பேசினார்கள்.

கோப்பைகளை எங்கே பார்க்கலாம்?

டேட்டனில் உள்ள அமெரிக்க விமானப்படையின் தேசிய அருங்காட்சியகத்தில். அனுமதி இலவசம். டேட்டன் கோல் பிறந்த ஊர். 2014இல் அமெரிக்க நாடாளுமன்றம் இவர்களுக்கு அறிவித்த தங்கப் பதக்கமும் அங்கேதான் சேர்ந்தது. சீனாவில் சூஜோ நகரில் 2018இல் ஒரு நினைவு மண்டபம் திறந்திருக்கிறார்கள். அங்கே போனால் காப்பாற்றிய கிராமத்து ஆட்களின் பக்கத்தையும் பார்க்கலாம்.

டேட்டனுக்குப் போக வாய்த்தால் பால் லெனார்டின் கோப்பையைத் தேடிப் பாருங்கள். விமானச் சிதறல்களுக்கு நடுவில் டூலிட்டிலைத் தேற்றிய மெக்கானிக். சொன்னபடியே அவரோடு வட ஆப்பிரிக்காவுக்கும் போனார். ஒன்பது மாதம் கழித்து, 1943 ஜனவரியில், அங்கே ஒரு ஜெர்மன் குண்டுவீச்சில் இறந்தார். 1959இல் டூசான் நகரத்தார் 80 கோப்பைகளைக் கொடுத்தபோது அவர் போய்ப் பதினாறு வருடம் ஆகியிருந்தது. அவருடைய கோப்பை முதல் நாளிலிருந்தே கவிழ்த்துத்தான் வைக்கப்பட்டிருக்கிறது. அதில் அவர் பெயரை நேராகப் படிக்கலாம்.